சாவிக்கொத்து வைத்திருப்பவரின் உலாவி

மடுகரை, நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் எனப் புதுச்சேரியின் ஊரகப் பகுதிகளில் கடந்த 20 ஆண்டுகளில் ஓசையின்றி வேரூன்றிய தொழில் ஒன்று உண்டு. மதகடிப்பட்டு முதல் கிருமாம்பாக்கம் வரை மருத்துவக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் வந்தன. அவற்றைச் சுற்றிப் பள்ளிகள், பரிசோதனைக் கூடங்கள், சிறு தொழிற்சாலைகள், நிதி நிறுவனங்கள் பெருகின. இவை ஒவ்வொன்றிலும் கணினிகளைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். ஊதியப் பட்டியலில் ‘சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’. ஊரார் வாயில் ‘கம்ப்யூட்டர் சார்’. பெரிய நிறுவனத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து செய்யும் இந்த வேலையை, இங்கே பெரும்பாலும் ஒருவரே செய்கிறார். மின்னஞ்சல் கணக்குகளைத் திறப்பதும் மூடுவதும் அவர்தான். வலைத்தளத்தின் கடவுச்சொல், ஊதியக் கணக்கின் சேவையகம், மாணவர் விவரம், நோயாளி விவரம், கண்காணிப்புக் கேமரா என எல்லாவற்றின் சாவியும் ஒரே கொத்தில் அவர் இடுப்பில் தொங்குகிறது.

அந்தக் கொத்தை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. விடை எளிது. தம் கணினியின் உலாவியில்.

அந்த உலாவியில் என்னென்ன நீட்சிகளை நிறுவலாம், எவற்றை நிறுவக் கூடாது என்பதற்கு நிறுவனத்தில் எழுதப்பட்ட விதி இருக்கிறதா? இந்தப் பகுதியில் கணினிப் பணியில் இருக்கும் பலரிடம் நான் இதைக் கேட்டிருக்கிறேன். ஊழியர்களுக்கு விதி உண்டு என்பார்கள். பென் டிரைவ் செருகக் கூடாது, சமூக ஊடகம் திறக்கக் கூடாது என்று பட்டியலும் சொல்வார்கள். “உங்கள் கணினிக்கு?” என்று கேட்டால் சிரிப்பார்கள். விதியை நடைமுறைப்படுத்துபவரே அவர் என்பதால் அவருக்கு விலக்கு. இந்த விலக்கு தலைகீழாக இருக்கிறது என்பதே என் வாதம். ஒரு நிறுவனத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாடு இருக்க வேண்டிய உலாவி, கணினி நிர்வாகியின் உலாவிதான்.

நீட்சி என்று நான் குறிப்பிடுவது, உலாவியின் மேல் விளிம்பில் சிறு படங்களாக வரிசைகட்டி நிற்கும் ‘எக்ஸ்டென்ஷன்’களை. முற்காலத்தில் ஃபிளாஷ், ஜாவா போன்ற செருகுநிரல்கள் இருந்தன. அவற்றில் ஓட்டைகள் மலிந்திருந்ததால் உலாவி நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஃபிளாஷின் ஆயுள் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அத்துடன் ஆபத்து நீங்கியதாகப் பலரும் நினைத்துவிட்டோம். பழைய செருகுநிரல், பக்கத்தின் ஒரு பெட்டிக்குள் காணொளியை ஓட்டிக்கொண்டிருந்தது. இன்றைய நீட்சியோ, நிறுவும்போதே ஓர் அனுமதி கேட்கிறது. எல்லா வலைத்தளங்களிலும் உங்கள் தரவுகள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி. நாம் படிக்காமலே ‘சேர்’ பொத்தானை அழுத்துகிறோம். படிக்க மட்டுமல்லாமல் மாற்றவும் அது உரிமை பெற்றுவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2024 கிறிஸ்துமஸ் நாளில் நடந்ததை நினைவுகூர்வது இங்கே பொருந்தும். சைபர்ஹேவன் என்பது, நிறுவனங்களின் தரவு வெளியே கசியாமல் காப்பதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்க நிறுவனம். அதற்கென ஒரு குரோம் நீட்சி உண்டு. சுமார் 4 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். டிசம்பர் 24 அன்று அந்நிறுவன ஊழியர் ஒருவருக்கு, குரோம் நீட்சிக் கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் நீட்சி விதிகளை மீறியிருக்கிறது, நீக்கப்படலாம் என்று அதில் இருந்தது. அவர் இணைப்பைத் தொடர்ந்து சென்று, கூகுளின் உண்மையான பக்கத்திலேயே ஒரு செயலிக்கு அனுமதி அளித்தார். கடவுச்சொல் திருடப்படவில்லை. இரட்டைச் சரிபார்ப்பு இருந்தது. கூகுளின் உயர்நிலைப் பாதுகாப்பும் அந்தக் கணக்கில் இயங்கியது. ஆனால், கொடுத்த அனுமதி கொடுத்ததுதான். இந்திய நேரப்படி டிசம்பர் 25 காலை 7 மணி அளவில் நச்சு நிரல் கலந்த புதிய பதிப்பு கடைக்குச் சென்றது. அங்கிருந்து தானாகவே பயனர்களின் கணினிகளில் இறங்கியது. ஏறத்தாழ 25 மணி நேரம் அது உயிரோடிருந்தது. அதே காலத்தில் 30-க்கும் மேற்பட்ட வேறு நீட்சிகளும் இதேபோல் களவாடப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. அவற்றின் பயனர்கள் மொத்தம் 26 லட்சம் பேர் எனக் கணக்கிட்டார்கள்.

பாதிக்கப்பட்ட பயனர் இதில் செய்த தவறு என்ன? எதுவுமில்லை. அவர் எதையும் புதிதாக நிறுவவில்லை, சந்தேகத்துக்குரிய இணைப்பைச் சொடுக்கவில்லை. மாதக்கணக்கில் நம்பிப் பயன்படுத்திய, அதுவும் பாதுகாப்புக்கென்றே நிறுவனம் தந்த ஒரு நீட்சி, விடுமுறை நாளில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. சரியாக ஓராண்டு கழித்து, 2025 கிறிஸ்துமஸை ஒட்டி, ‘டிரஸ்ட் வாலட்’ என்ற மெய்நிகர் நாணயப் பணப்பையின் குரோம் நீட்சிக்கும் இதே கதி நேர்ந்தது. 70 லட்சம் டாலருக்கு மேல் பறிபோனது. தாக்குபவர்களும் நாட்காட்டி பார்க்கிறார்கள்.

நீட்சி திருடுவது பெரும்பாலும் கடவுச்சொல்லை அல்ல, குக்கீயை. கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருகிறார்கள். திரும்பி வரும்போது டோக்கனைக் காட்டினால் செருப்பு கிடைக்கும். காப்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்க்கிறார். ஒரு வலைத்தளத்தில் கடவுச்சொல்லும் கைபேசிக்கு வரும் எண்ணும் கொடுத்து உள்ளே சென்றதும், அந்தத் தளம் உங்கள் உலாவிக்குக் கொடுக்கும் டோக்கன்தான் குக்கீ. அது களவு போனால், திருடியவர் கடவுச்சொல்லும் தர வேண்டாம், கைபேசி எண்ணும் தர வேண்டாம். நீங்களாகவே உள்ளே நிற்பார். வங்கிகள் முதல் அரசுத் தளங்கள் வரை ஒருமுறைக் கடவுச்சொல்லை நம்மிடம் பெரிய கவசமாக அறிமுகப்படுத்தியிருக்கின்றன. வாசலைக் கடக்கும்வரை அது கவசம்தான். கடந்த பிறகு எல்லாம் டோக்கனைப் பொறுத்தது.

ஒரு சாதாரண ஊழியரின் டோக்கன் போனால் அவருடைய மின்னஞ்சல் போகும். நிர்வாகியின் டோக்கன் போனால் எல்லாருடைய மின்னஞ்சலும் போகும். கால் நூற்றாண்டுக்கு முன் கணினி நிர்வாகியின் பணி கறுப்புத் திரையில் கட்டளை எழுதுவதாக இருந்தது. இன்று தீச்சுவர், வைஃபை கருவி, மேகச் சேவையகம், மின்னஞ்சல் நிர்வாகம், மருத்துவமனை மென்பொருள் என அனைத்தும் உலாவியில் ஒவ்வொரு தத்தலாகத் திறக்கின்றன. பக்கத்துத் தத்தலில் கிரிக்கெட் ஸ்கோரும் பாட்டும் ஓடும். புதுச்சேரி ஊரகத்தில் வாழ்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மடுகரையிலிருந்து இருசக்கர வாகனத்தில் கிளம்பினால் சற்று நேரத்தில் விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருப்போம். இன்னும் சற்றுச் சென்றால் மீண்டும் புதுச்சேரி. எல்லையைக் கடந்ததே தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற வரைபடம் அப்படி. நிர்வாகியின் உலாவியும் அப்படித்தான் இருக்கிறது. சேவையகத்தின் கட்டுப்பாட்டு அறைக்கும் சொந்தப் பொழுதுபோக்குக்கும் நடுவே எல்லைக்கல் கிடையாது. எல்லா இடங்களுக்கும் செல்லும் உரிமம் பெற்ற நீட்சி, இரண்டிலும் தடையின்றி உலவுகிறது.

அப்படியானால் நீட்சிகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இந்த யோசனை பிடிக்கும். ஒரே வரியில் சுற்றறிக்கை அனுப்பிவிடலாம். ஆனால், இந்தப் பணியைச் செய்பவர்களுக்கு நீட்சிகள் ஆடம்பரமல்ல. கடவுச்சொல் காப்பகம் இல்லாமல் 200 கடவுச்சொற்களை யாரும் நினைவில் வைக்க முடியாது. தடை செய்தால் அவை எக்செல் கோப்புக்கோ மேசை ஒட்டுத்தாளுக்கோ போய்ச் சேரும். விளம்பரத் தடுப்பானும் பாதுகாப்புக் கருவியே. தேடல் முடிவுகளில் உண்மையான மென்பொருள் நிறுவனங்களின் பெயரில் போலி விளம்பரங்கள் வருவதாக எச்சரித்த அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பில், விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கே பரிந்துரைத்தது. கூகுள் அண்மையில் நீட்சிகளுக்கான அடிப்படை விதிகளை மாற்றியபோது, பலரும் நம்பியிருந்த ‘யூபிளாக் ஒரிஜின்’ தடுப்பான் குரோமில் இயங்காமல்போனது. பாதுகாப்பின் பெயரால் செய்யப்பட்ட மாற்றம் ஒரு பாதுகாப்புக் கருவியை அகற்றியது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு.

தமிழர்களுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்வதற்காக நீட்சி நிறுவியவர்கள் நம்மிடையே மிகுதி. தட்டச்சுக் கருவி என்றால், நாம் தட்டும் எழுத்துகளை அது படித்தாக வேண்டும். அதன் வேலையே அதுதான். கூகுள் போன்ற அறிந்த நிறுவனம் தந்ததைப் பயன்படுத்துவது ஒருவகை. பெயர் தெரியாத யாரோ பதிவேற்றிய தமிழ் எழுதியை, நிர்வாகக் கடவுச்சொல் தட்டும் அதே உலாவியில் வைத்திருப்பது வேறு வகை. இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகை இருக்கும்போது இதற்கு அவசியமும் இல்லை.

இன்று நல்லதாக இருக்கும் நீட்சி நாளையும் நல்லதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்பதே இதில் மிகச் சங்கடமான செய்தி. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நீட்சியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பயன்படுத்தாத தத்தல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் எளிய கருவி. மூலநிரல் எல்லாரும் காணும்படி திறந்திருந்தது. 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020-இல் அதை உருவாக்கியவர் அடையாளம் வெளியிடாத ஒருவருக்கு விற்றுவிட்டார். பயனர்களின் திரையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில், நச்சு நிரல் இருப்பதாகக் கூறி கூகுள் அதை நீக்கியது. வீட்டுக்காரர் மாறியது குடியிருப்பவருக்குச் சொல்லப்படவில்லை. பூட்டு மட்டும் மாறியிருந்தது.

2019-இல் வெளிவந்த ‘டேட்டாஸ்பை’ விவகாரத்தில் திருட்டுகூட இல்லை, வியாபாரம்தான் நடந்தது. எட்டு நீட்சிகள் தம் பயனர்கள் செல்லும் பக்கங்களின் முகவரிகளைச் சேகரித்தன; அவை ஒரு பகுப்பாய்வுச் சேவை வழியே காசு கொடுத்தவருக்குக் கிடைத்தன. பாதிக்கப்பட்டோர் 41 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. பெருநிறுவனங்களின் உள் வலையமைப்புப் பக்கங்களின் முகவரிகளும் தலைப்புகளும் அதில் இருந்தன. முகவரி மட்டும்தானே என்று கருதக் கூடாது. நிர்வாகி திறக்கும் பக்கங்களின் முகவரிப் பட்டியல், நிறுவனத்தின் கணினி அமைப்புக்கான வரைபடம்; எந்தத் தீச்சுவர், எந்த மென்பொருள், எந்தச் சேவையகம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

நம் நாட்டில் நடந்த இரு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். இரண்டுக்கும் நீட்சி காரணமென்று நான் சொல்லவில்லை. அவை காட்டும் கொள்கை முக்கியம். 2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் நச்சு நிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. முதலில் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் நச்சு நிரல் கண்டறியப்பட்டதை ஏற்றுக்கொண்டது. நிர்வாகப் பணிகளுக்காக இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்த ஒரு கணினியில்தான் அது இருந்தது என்றும், உலை இயங்கும் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என்றும் விளக்கியது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் முடங்கின. நோயாளிப் பதிவு முதல் பரிசோதனை அறிக்கைவரை பல நாள்கள் காகிதத்தில் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அமைச்சர் பதிலளித்தார். பிரித்து வைத்த இடத்தில் நோய் ஓர் அறையோடு நின்றது. பிரிக்காத இடத்தில் வீடெங்கும் பரவியது. வலையமைப்புக்குப் பொருந்தும் இந்தப் பாடம் ஒரு தனி மனிதரின் உலாவிக்கும் பொருந்தும்.

நிர்வாகப் பணிக்கென ஓர் உலாவி. அதில் ஒரு நீட்சியும் கூடாது, மிஞ்சினால் கடவுச்சொல் காப்பகம் ஒன்று மட்டும். மின்னஞ்சல், தேடல், வாசிப்பு அனைத்துக்கும் வேறோர் உலாவி அல்லது வேறொரு பயனர் கணக்கு. இரண்டுக்கும் வெவ்வேறு நிறப் பின்னணி வைத்தால் கண்ணுக்கே எல்லை தெரியும். முடிந்தால் கணினியே வேறாக இருக்கட்டும். இதற்கு ஒரு ரூபாய் மென்பொருள் செலவும் இல்லை. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் நிறுவனங்களுக்கான கொள்கை அமைப்பு இலவசமாகவே உள்ளது. குரோமின் தடைப்பட்டியலில் ஒரே ஒரு நட்சத்திரக் குறியை இட்டால் எல்லா நீட்சிகளும் தடைபடும். பிறகு, அனுமதிக்க விரும்பும் நீட்சியின் 32 எழுத்து அடையாளத்தை ஏற்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். குறிப்பிட்ட தளங்களில் மட்டும் எந்த நீட்சியும் நுழையக் கூடாது என்றும் விதிக்கலாம். ஊதியத் தளத்தையும் நோயாளித் தளத்தையும் இப்படி வேலியிட்டுவிடலாம். நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள கல்லூரிகளுக்கு இவற்றை ஒரே இடத்திலிருந்து ஆளும் கருவிகளைச் சென்னையின் ஸோஹோ நிறுவனமே தயாரிக்கிறது. ஆகவே, தொழில்நுட்பம் இல்லை, பணம் இல்லை என்ற சாக்குகள் செல்லாது.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கணினியில் முழு அதிகாரம் உள்ளவர், தம் மீதான விதியைத் தாமே நீக்கிவிட முடியும். அவசரம் என்று மாலையில் நீக்கிவிட்டுக் காலையில் திரும்பப் போட மறப்பது மனித இயல்பு. ஆகவே, அன்றாட வேலையை நிர்வாகி அதிகாரமற்ற சாதாரணக் கணக்கில் செய்ய வேண்டும்; ஏற்புப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்க இன்னொருவர் ஒப்புதல் வேண்டும். சிற்றூர் நிறுவனத்தில் இன்னொரு நிர்வாகிக்கு எங்கே போவது? தொழில்நுட்பம் அறிந்தவராக அவர் இருக்கத் தேவையில்லை. ஒரு கணக்காளர் போதும். காசோலையில் இரண்டு கையொப்பம் கேட்கும் வழக்கம் வங்கி இயல் தெரிந்தவர்களுக்காக ஏற்பட்டதல்ல. ஒருவர் தனியாக முடிவெடுக்காதிருப்பதற்காக ஏற்பட்டது. “இந்த நீட்சி எதற்கு? யார் தயாரித்தது? இது இல்லாமல் இந்த வேலை நடக்காதா?” என்று கணக்காளர் கேட்டு, விடையை நோட்டில் எழுதி வைத்தாலே பாதி நீட்சிகள் வாசலில் நின்றுவிடும்.

இதைக் கேட்டதும் நிர்வாகிகளுக்குக் கோபம் வரும் என்பதை அறிவேன். நாங்கள் விவரம் தெரியாதவர்களா, எங்களை நம்பவில்லையா என்பார்கள். சைபர்ஹேவனில் இருந்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்தது இன்னும் கூர்மையானது. கோடிக்கணக்கான கடவுச்சொற்களைக் காக்கும் அந்நிறுவனத்தில், காப்புநகல்களைத் திறக்கும் சாவி நான்கே பொறியாளர்களிடம் இருந்தது. தாக்குபவர்கள் அலுவலகத்தைத் தொடவில்லை. அந்த நால்வரில் ஒருவருடைய வீட்டுக் கணினியில், படம் பார்ப்பதற்கான ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டை வழியே நுழைந்து, அவர் தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்தார்கள். தலைமைக் கடவுச்சொல் கிடைத்தது. வாடிக்கையாளர்களின் காப்பகங்களின் நகல்கள் போயின. அங்கே வாசலானது நீட்சி அல்ல என்றாலும், பாடம் ஒன்றே. அலுவலக வாசலில் நின்றுவிடும் விதி, நிர்வாகியின் வீட்டுக்குப் போகும் சாவிக்கொத்தைக் காப்பதில்லை.

இங்கேதான் நிறுவன உரிமையாளர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் நிர்வாகிக்கு நீங்கள் கணினி வாங்கித் தந்திருக்கிறீர்களா? பல இடங்களில் அவர் சொந்த மடிக்கணினியோடு வேலைக்கு வருகிறார். பகலில் சேவையகம் திறக்கும் அதே மடிக்கணினியில் இரவு அவருடைய பிள்ளை வீட்டுப்பாடம் செய்கிறது, விளையாட்டு தரவிறக்குகிறது, வகுப்பு நண்பன் சொன்ன நீட்சியைச் சேர்க்கிறது. அந்தக் கணினியில் நிறுவனம் விதி போட உரிமை கோர முடியாது. கோரினால் அது நியாயமும் ஆகாது. 40,000 ரூபாய்க்கு ஒரு கணினி வாங்கித் தராமல் பாதுகாப்புச் சுற்றறிக்கை மட்டும் அனுப்பும் நிறுவனம், பொறுப்பைத் தன் தலையிலிருந்து அவர் தலைக்கு மாற்றுகிறது, அவ்வளவே. ஏதேனும் நேர்ந்தால் முதலில் வேலை போவது அவருக்குத்தான். எழுதப்பட்ட விதியும் இரண்டாம் கையொப்பமும் அவரைச் சந்தேகிப்பதற்கானவை அல்ல. நாளை ஒரு விசாரணை வந்தால் அவர் கையில் இருக்கப்போகும் ஒரே காகிதம் அதுதான்.

விசாரணை வரும் காலமும் நெருங்கிவிட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று, மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, இணையப் பாதுகாப்பு மீறல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தகவல் தர வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். டோக்கன் திருட்டை எந்தக் கணினிப் பதிவேடு காட்டும்? திருடன் உங்கள் பெயரில் அல்லவா நுழைந்திருக்கிறான்! என்னென்ன நீட்சி எந்தக் கணினியில் இருந்தது என்ற பட்டியல்கூட இல்லாத நிறுவனம், 6 மணி நேரத்தில் எதைத் தேடும்? 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். மதகடிப்பட்டின் பரிசோதனைக் கூடத்துக்கும் மும்பையின் பெருவங்கிக்கும் சட்டத்தின் சொல் ஒன்றுதான். ‘நியாயமான நடவடிக்கை’ என்பதற்கு நீதிமன்றங்கள் என்ன பொருள் கொள்ளும் என்பது இனிதான் தெரியும். நிர்வாகியின் உலாவியில் என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது என்பது அந்தப் பொருளுக்குள் அடங்க வாய்ப்பில்லை.

அரசு ஊழியர்களுக்கு 2022 ஜூனில் வந்த இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல், உலாவியில் வெளியார் கருவிப்பட்டைகளைச் சேர்க்கக் கூடாது என்று கூறுகிறது. நல்ல அறிவுரை. ஆனால், அந்தப் பட்டியல் எழுத்தருக்கும் நிர்வாகிக்கும் பொதுவானது. சாவிக்கொத்து வைத்திருப்பவருக்கெனக் கூடுதலாக ஒரு பத்தி தேவைப்படுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையொப்பமிட ஒரு மென்பொருள், ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்க இன்னொரு மென்பொருள் எனத் தரவிறக்கச் சொல்பவை அரசுத் தளங்களே. சரக்கு-சேவை வரித் தளத்துக்கு ஒன்று, வருமான வரித் தளத்துக்கு வேறொன்று. “நிறுவிக்கொள்ளுங்கள், எச்சரிக்கை வந்தால் ‘சரி’ அழுத்துங்கள்” என்று பழக்கிய கை, நாளை வேறொரு பெட்டி வரும்போதும் ‘சரி’யைத்தான் அழுத்தும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் நீட்சி வடிவில் வரிசைகட்டி வருகிறார்கள். திறந்திருக்கும் பக்கத்தைச் சுருக்கித் தருகிறேன், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறேன் என்கிறார்கள். சுருக்க வேண்டுமானால் பக்கத்தைப் படித்து வேறெங்கோ உள்ள கணினிக்கு அனுப்பியாக வேண்டும். 2023 மார்ச்சிலேயே, சாட்ஜிபிடி பெயரில் வந்த ஒரு போலி நீட்சி ஃபேஸ்புக் குக்கீகளைத் திருடியது கண்டுபிடிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம், அலுவலகக் கணினிகளில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. வேலைப்பளுவில் திணறும் ஒற்றை நிர்வாகிக்கு இவற்றின் ஈர்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தீச்சுவரின் பிழைச் செய்தியை நகலெடுத்து விளக்கம் கேட்பது ஒன்று. தீச்சுவர் பக்கத்தையே எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் உதவியாளரை அருகில் உட்கார வைப்பது மற்றொன்று.

ஒருமுறை விதி எழுதிவிட்டால் போதாது, நீட்சிகளின் உரிமையாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதால் ஆண்டுக்குச் சில முறையாவது பட்டியலைப் பார்க்க வேண்டும். எப்போது என்று கேட்டால் எனக்கு ஒரு யோசனை உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் நம் பக்கத்து அலுவலகங்களில் கணினிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். யாரும் வேலை சொல்லாத அந்தப் பிற்பகலில் நிர்வாகியும் கணக்காளரும் ஒரு மணி நேரம் உட்காரலாம். உலாவியின் நீட்சிகள் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றின் பெயரையும், தயாரித்தவரையும், கேட்டிருக்கும் அனுமதியையும் எழுதிக்கொள்ளலாம். கடந்த மூன்று மாதங்களில் பயன்படாததை நீக்கலாம். மிச்சமிருப்பதன் அனுமதியை ‘சொடுக்கும்போது மட்டும்’ என்று குறைக்கலாம். அடுத்த முறை டிசம்பர் 23 அல்லது 24-ஆக இருக்கட்டும். விடுமுறைக்கு முன் நிர்வாகத் தளங்கள் அனைத்திலிருந்தும் வெளியேறி, டோக்கன்களை அழித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

தத்தல்களை மூடினால் போதுமே என்பார்கள். போதாது. தத்தலை மூடினாலும் டோக்கன் உலாவியில் அப்படியே இருக்கும். ‘வெளியேறு’ பொத்தானை அழுத்தினால்தான் பெரும்பாலான தளங்களில் அது செல்லாததாகும்.